எலும்பு முறியும் முன்பும் முறிந்த பிறகும்

எலும்புப்புரைக்கு வலி கிடையாது. மூட்டு வலிக்காகக் கால்சியம் மாத்திரை கேட்டு வாங்கிப் போகிறவர்களிடம் முதலில் சொல்ல வேண்டியது இதுதான். முழங்காலில் தேய்வது மூட்டின் குருத்தெலும்பு. அது மாடிப்படி ஏறும்போது வலிக்கும், வீங்கும், சம்மணம் போட்டு உட்கார விடாது. எலும்புப்புரையில் குறைவது எலும்பின் உள்கட்டு. பத்து, இருபது வருடங்கள் எந்த அறிகுறியும் காட்டாமல் அது குறைந்துகொண்டே போகும். பிறகு ஒரு நாள், நின்ற இடத்திலிருந்து சறுக்கி விழுந்ததற்கே எலும்பு முறியும். அதுவரை நோய் இருப்பது நோயாளிக்கும் தெரியாது, அவரைப் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது.

சில எலும்புகள் முறிந்த பிறகும் தெரிவதில்லை. முதுகெலும்பு அப்படிப்பட்டது. தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்கும்போதோ, பேருந்து பள்ளத்தில் இறங்கிக் குலுங்கும்போதோ முதுகெலும்பின் ஒரு கணு முன்பக்கமாக அமுங்கிவிடும். இரண்டு வாரம் தைலம் தடவிப் படுத்திருந்து எழுந்துவிடுவார்கள். இப்படி அமுங்கும் கணுக்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் யார் கவனத்துக்கும் வருவதில்லை என்று மருத்துவ ஆய்வுகள் கணக்கிட்டிருக்கின்றன. இருமலுக்காக எடுத்த மார்பு எக்ஸ்ரேயில் ஆப்பு வடிவத்தில் நசுங்கிய கணு தெளிவாகத் தெரியும். ஆனால் எக்ஸ்ரேயைப் பார்ப்பவரின் கண் நுரையீரலைத்தான் தேடுகிறது. வீட்டில் அம்மா குள்ளமாகிவிட்டார், முன்பு எட்டிய அலமாரித் தட்டு இப்போது எட்டவில்லை, முதுகு வளைந்துவிட்டது என்றால் 'வயசாயிடுச்சு' என்ற ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். இளமையில் இருந்த உயரத்தில் நான்கு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்திருந்தால் முதுகெலும்பு அமுங்கியிருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அதற்கு அளவு நாடா போதும்.

பள்ளிக்கூடத்து எலும்புக்கூட்டைப் பார்த்துப் பழகியதால் எலும்பு என்றால் உலர்ந்த, மாறாத பொருள் என்று மனதில் பதிந்துவிட்டது. உடம்புக்குள் இருக்கும் எலும்பில் ரத்தம் ஓடுகிறது. ஒரு பக்கம் பழைய எலும்பை அரித்து எடுக்கும் செல்களும், பின்னாலேயே வந்து புதிய எலும்பைப் படியவைக்கும் செல்களும் ஓயாமல் வேலை செய்கின்றன. ஓர் இடத்தில் இந்த வேலை முடிய மூன்று நான்கு மாதங்கள் ஆகும். ஆண்டுக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு எலும்பு இப்படிப் புதுப்பிக்கப்படுகிறது. எங்கே எவ்வளவு கட்ட வேண்டும் என்பதை எலும்புக்குள்ளேயே புதைந்திருக்கும் மூன்றாவது வகைச் செல்கள், அதன் மேல் விழும் பாரத்தை உணர்ந்து சொல்கின்றன. இளம்வயதில் கட்டுவது முந்தும். இருபதுகளின் இறுதிக்குள் ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய எலும்பு முழுவதும் கிடைத்துவிடும். பிறகு சில ஆண்டுகள் அரிப்பும் கட்டலும் சமமாக ஓடும். அதன்பின் அரிப்பு முந்திக்கொள்ளும்.

பெண்களுக்கு இந்தச் சமநிலை திடீரென்று உடைகிறது. மாதவிடாய் நின்ற முதல் ஐந்தாறு ஆண்டுகளில் எலும்பு மளமளவென்று குறைவதற்கும் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனுக்கும் தொடர்பு இருப்பதை 1940களின் தொடக்கத்தில் பாஸ்டனில் ஃபுல்லர் ஆல்பிரைட் எடுத்துக்காட்டினார். அரிக்கும் செல்களை அடக்கி வைத்திருந்த ஹார்மோன் விலகியதும் அவை கட்டுமீறுகின்றன. 50 வயதைத் தாண்டிய பெண்களில் மூவரில் ஒருவருக்கும், ஆண்களில் ஐவரில் ஒருவருக்கும் மீதி வாழ்நாளில் எலும்புப்புரையால் ஒரு முறிவாவது ஏற்படும் என்பது உலக அளவிலான மதிப்பீடு. ஆண்களைப் பற்றிய இந்தப் பாதியை நாம் பேசுவதே இல்லை. இடுப்பெலும்பு முறிந்தபின் உயிரிழக்கும் விகிதம் ஆண்களிடம்தான் அதிகம்.

நோய் இருக்கிறதா இல்லையா என்று எப்படிச் சொல்வது? எலும்பு அடர்த்தியை அளக்க 1987இல் புழக்கத்துக்கு வந்த டெக்ஸா ஸ்கேன் இதற்கு ஓர் எண்ணைக் கொடுத்தது. 1994இல் உலக சுகாதார நிறுவனம் அந்த எண்ணுக்கு எல்லை வகுத்தது. ஆரோக்கியமான இளம்பெண்ணின் சராசரியோடு ஒப்பிட்டு, கழித்தல் 1 வரை இயல்பு, கழித்தல் 1க்கும் கழித்தல் 2.5க்கும் இடையே அடர்த்திக் குறைவு, கழித்தல் 2.5ம் அதற்குக் கீழும் எலும்புப்புரை. ஸ்கேன் அறிக்கையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டைகளும், அவற்றின் மேல் ஒரு சின்னப் புள்ளியும் இருக்கும். தாளைக் கையில் வாங்கியவர்கள் எழுத்தை விட்டுவிட்டு அந்தப் புள்ளி எந்த நிறத்தில் நிற்கிறது என்றுதான் தேடுவார்கள்.

அந்தப் புள்ளியை நம்பலாம், ஆனால் முழுதாக நம்பக் கூடாது. ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்டவர்கள் வெள்ளையின அமெரிக்கப் பெண்கள். டெக்ஸா எலும்பின் பரப்பை அளக்கிறதே தவிர கனத்தை அளப்பதில்லை. அதனால் சிறிய உடல்வாகு கொண்டவர்களின் எலும்பை அது உள்ளதைவிடக் குறைவாகக் காட்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கழகம் பல ஊர்களில் இளைஞர்களின் எலும்பை அளந்து 2010இல் இந்தியர்களுக்கான ஒப்பீட்டு அளவுகளை வெளியிட்டதற்குக் காரணம் இதுதான். எந்த அளவோடு ஒப்பிட்டார்கள் என்பதைப் பொறுத்து ஒரே பெண் சிவப்பிலும் நிற்கலாம், மஞ்சளிலும் நிற்கலாம். வயதானவர்களின் முதுகெலும்பில் வளரும் முட்களும், அமுங்கிய கணுக்களும் எண்ணை உயர்த்திக் காட்டி ஏமாற்றுவதும் உண்டு.

மருந்துக் கடை வாசலிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் 'இலவச எலும்பு அடர்த்தி முகாம்' நடக்கிறதே, அது டெக்ஸா அல்ல. குதிகாலில் ஜெல் தடவி ஒலியலையால் பார்க்கும் கருவி அது. அதன் எண்ணை உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையோடு பொருத்தி நோய் என்று முடிவு கட்டக் கூடாது. அதை வைத்து மருந்து தொடங்கவும் கூடாது. முகாம் முடிந்ததும் கையில் ஒரு சீட்டும், நாற்பது வயதுப் பெண்ணின் மனதில் ஒரு பயமும், ஒரு கால்சியம் டப்பாவும் மிஞ்சுகின்றன. உண்மையில் ஆபத்தில் இருக்கும் எழுபது வயது மாமியார் அந்த முகாமுக்கு வரவே இல்லை. இது எனக்குப் பெரிய வருத்தம்.

அடர்த்தி வேறு, வலு வேறு என்பதைத் தென்னிந்தியா நன்றாகவே அறியும். 1937இல் எச்.இ. ஷார்ட்டும் அவருடைய சகாக்களும் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் பகுதியிலிருந்து ஒரு நோயை விவரித்தார்கள். கிணற்று நீரில் ஃபுளோரைடு அதிகமாக இருந்த ஊர்களில் மக்களின் முதுகெலும்பு மரக்கட்டைபோல் இறுகி, கழுத்தைத் திருப்ப முடியாமல், கை கால் மடக்க முடியாமல் முடங்கிப்போயிருந்தார்கள். எக்ஸ்ரேயில் அந்த எலும்புகள் வெள்ளை வெளேரென்று, மிக அடர்த்தியாகத் தெரிந்தன. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டதற்கு இதே ஃபுளோரைடுதான் முக்கியக் காரணம். ஃபுளோரைடு அடர்த்தியைக் கூட்டுகிறது என்பதைப் பார்த்த மேலைநாட்டு மருத்துவர்கள் அதையே எலும்புப்புரைக்கு மருந்தாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 1990இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கிலிருந்து வந்த முடிவு அந்த நம்பிக்கையை முறித்தது. 202 பெண்கள் பங்கேற்ற நான்காண்டு ஆய்வில், ஃபுளோரைடு சாப்பிட்டவர்களுக்கு இடுப்புப் பகுதி முதுகெலும்பின் அடர்த்தி 35 சதவீதம் கூடியது. ஆனால் முதுகெலும்பு முறிவு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை, மற்ற எலும்புகளில் முறிவு அதிகமாகிவிட்டது. எண் ஏறியது, எலும்பு நொறுங்கியது. ஸ்கேன் எண்ணை மட்டும் ஏற்றிக் காட்டும் எந்தச் சிகிச்சையையும் சந்தேகத்தோடு பார்க்க அன்றிலிருந்து மருத்துவம் கற்றுக்கொண்டது. முறிவு குறைந்ததா என்பதே கேள்வி.

அதனால்தான் ஷெஃபீல்டில் ஜான் கேனிஸ் குழுவினர் 2008இல் ஃப்ராக்ஸ் என்ற கணிப்பானை வெளியிட்டார்கள். வயது, எடை, முன்பு எலும்பு முறிந்ததா, பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா, புகை, மது, ஸ்டீராய்டு, முடக்குவாதம் என்று கேட்டு, அடுத்த பத்தாண்டுகளில் முறிவு வரும் வாய்ப்பைச் சொல்கிறது. இந்தியாவுக்கான கணக்கும் அதில் இருக்கிறது. ஸ்கேன் இல்லாமலே முதல் மதிப்பீட்டைச் செய்துவிடலாம் என்பது நம்மைப் போன்ற நாட்டுக்குப் பெரிய வசதி.

நம் ஊர்ப் பெண்களின் நிலை என்ன? வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வு ஒன்று 2008இல் வெளியானது. நடமாடிக்கொண்டு, வீட்டு வேலை செய்துகொண்டிருந்த, மாதவிடாய் நின்ற 150 பெண்களை அளந்ததில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஏதேனும் ஓர் இடத்தில் எலும்புப்புரை இருந்தது. அதே அளவுக்கு வைட்டமின் டி குறைவும் இருந்தது. அதற்கு முன்பே ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தில் வீணா சத்ருக்னாவும் உடன் ஆய்வு செய்தவர்களும் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த, 30 முதல் 60 வயது வரையிலான பெண்களை அளந்திருந்தார்கள். அவர்கள் உணவில் நாளொன்றுக்குக் கிடைத்த கால்சியம் சராசரியாக 270 மி.கி. தேவைப்படுவதோ 1,000 மி.கி. ஒப்பீட்டு அளவு சற்று நமக்குப் பொருந்தாமல் போயிருக்கலாம் என்று தள்ளுபடி கொடுத்தாலும், இந்த 270 என்ற எண்ணுக்குச் சமாதானம் சொல்ல முடியாது. இது நோயின் கதை மட்டுமல்ல. வீட்டில் பாலும் தயிரும் யாருக்குப் போனது, கடைசியாக யார் சாப்பிட்டார்கள் என்ற கதை.

மாதவிடாய் நிற்கும் வயது மேலைநாடுகளில் சுமார் 51. இந்தியாவில் சுமார் 46. எலும்பைக் காத்த ஹார்மோன் இங்கே ஐந்து வருடம் முன்பே விடைபெறுகிறது. அதோடு கர்ப்பப்பை அகற்றும் அறுவையும் சேர்ந்துகொள்கிறது. ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நாடு முழுக்க நூற்றுக்கு மூவருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டிருந்தது. ஆந்திரத்தில் அது ஒன்பது பேர், தெலங்கானாவில் எட்டுப் பேர். பெரும்பாலும் முப்பதுகளின் நடுவில். சினைப்பையையும் சேர்த்து எடுத்துவிட்டால் அந்தப் பெண்ணுக்கு 35 வயதில் ஒரே நாளில் மாதவிடாய் முடிவு வந்துவிடுகிறது. சினைப்பையை விட்டுவைத்தாலும் அது முன்கூட்டியே ஓயும் வாய்ப்பு கூடுகிறது. இயல்பாக மாதவிடாய் நிற்கும் வயதுவரை ஹார்மோன் கொடுக்க வேண்டும், தடை இருந்தால் வேறு வழி பார்க்க வேண்டும் என்பதே உலகம் முழுக்க உள்ள பரிந்துரை. 'இனிமே தொந்தரவு இல்லம்மா' என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்களிடம் இதைச் சொன்னவர்கள் எத்தனை பேர்? எலும்பைப் பற்றிய நம் பேச்சில் கேழ்வரகுக்கும் முருங்கைக்கும் கிடைக்கும் இடத்தில் கொஞ்சமாவது இந்த அறுவைக்குக் கிடைக்க வேண்டும்.

மறைவாக எலும்பை அரிக்கும் மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆஸ்துமாவுக்கோ முடக்குவாதத்துக்கோ மூன்று மாதத்துக்கு மேல் தினமும் 5 மி.கி. பிரெட்னிசோலோன் விழுங்குவது, தைராய்டு மாத்திரையைத் தேவைக்கு மேல் சாப்பிடுவது, சில வலிப்பு மருந்துகள், மார்பகப் புற்றுக்கும் புராஸ்டேட் புற்றுக்கும் தரும் ஹார்மோன் தடுப்பு மருந்துகள், பாராதைராய்டு சுரப்பிக் கட்டி, குடல் நோய், மது, புகை. பெயரில்லாத பொட்டலத்தில் மூட்டு வலிக்கென்று விற்கும் சில பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பது மீண்டும் மீண்டும் கண்டறியப்பட்டிருக்கிறது. தின்றதும் வலி பறந்துபோகும் பொடியை வாங்கும்போது இது நினைவில் இருக்கட்டும்.

உணவுக்கு வருவோம். கேழ்வரகில் 100 கிராமுக்குச் சுமார் 350 மி.கி. கால்சியம் உண்டு. அரிசியில் அதில் முப்பதில் ஒரு பங்குகூடக் கிடையாது. கேழ்வரகிலுள்ள ஃபைட்டேட் கால்சியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். முளைகட்டினாலோ, இரவெல்லாம் புளிக்கவைத்துக் கூழாகக் காய்ச்சினாலோ அந்தப் பிடி தளரும். கூழைக் கரைத்து மோர் விட்டுக் குடித்தவர்கள் அறிவியல் படிக்காமலே சரியாகச் செய்திருக்கிறார்கள். ஒரு டம்ளர் பாலில், 200 மி.லி. என்று வைத்துக்கொண்டால், 240 மி.கி. கிடைக்கும். முருங்கைக் கீரை நல்லது. அகத்தியில் கால்சியம் ஏராளம், ஆனால் ஆக்சலேட்டும் இருப்பதால் எழுதியிருக்கும் எண் முழுவதும் உடம்பில் சேராது. முள்ளோடு சாப்பிடும் நெத்திலி, எள்ளுப்பொடி, சோயா, கொண்டைக்கடலை எல்லாம் சேர்ந்தால்தான் ஆயிரத்தைத் தொட முடியும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கழகம் 1,200 மி.கி. என்கிறது.

கால்சியத்தை மட்டும் எண்ணிக்கொண்டிருப்பது போதாது. எலும்பின் பாதி கொள்ளளவு புரதம். வயதான பெண்கள் ராத்திரிக்கு இரண்டு இட்லி, கொஞ்சம் ரசம் சாதம் என்று சுருக்கிக்கொள்வதில் எலும்பும் சுருங்குகிறது, தசையும் சுருங்குகிறது. 2021இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த ஓர் ஆய்வு என்னை மிகவும் கவர்ந்தது. 60 முதியோர் இல்லங்களில் பாதியை எடுத்துக்கொண்டு, அங்கே தினசரிச் சாப்பாட்டில் பால், தயிர், பாலாடைக்கட்டியைக் கூட்டினார்கள். கால்சியம் 700 மி.கி.யிலிருந்து 1,142 மி.கி. ஆக உயர்ந்தது, புரதமும் கூடியது. இரண்டு ஆண்டுகளில் எல்லா முறிவுகளும் சேர்ந்து 33 சதவீதமும், இடுப்பு முறிவு 46 சதவீதமும் குறைந்தன. கீழே விழுவதும் குறைந்தது. மருந்து எதுவும் தரப்படவில்லை. தமிழ்நாட்டில் பெருகிவரும் முதியோர் இல்லங்களின் சமையலறைகளில் உடனே செய்யக்கூடிய வேலை இது.

வெயில் கொட்டும் நாட்டில் வைட்டமின் டி எப்படிக் குறைகிறது? திருப்பதியில் ஹரிநாராயண் குழுவினர் செய்த ஆய்வுகள் இதற்கு நேரடியான விடை தந்தன. தோலில் வைட்டமின் டி உருவாகத் தேவையான கதிர் காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 2 மணிவரைதான் நன்றாகக் கிடைக்கிறது. 'காலை இளவெயிலில் நில்லுங்கள்' என்ற அறிவுரை இதமானது, ஆனால் வைட்டமின் டிக்கு அதிகம் உதவாது. கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலும் உதவாது. கருத்த தோலுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். வயதானால் தோலின் திறன் குறையும். உச்சி வெயிலில் உடம்பைக் காட்டிக்கொண்டு நிற்க எந்தப் பெண்ணுக்கு நேரமும் இடமும் இருக்கிறது?

இதற்கு எதிர்முனையில் இன்னொரு பழக்கம் வேரூன்றிவிட்டது. வாரம் ஒரு முறை 60,000 யூனிட் பொட்டலம். குறைவு உள்ளவர்களுக்கு எட்டு வாரம் கொடுத்து நிறுத்த வேண்டியதை, சீட்டைப் புதுப்பிக்காமலே வருடக்கணக்கில் தொடர்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி, வாந்தியும் குழப்பமும் சிறுநீரகப் பாதிப்பும் கொண்டு வந்து சேர்கிறவர்கள் உண்டு. 2010இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில் 70 வயது தாண்டிய 2,256 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஆண்டுக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். அந்தப் பிரிவில் விழுவதும் முறிவதும் அதிகமாயின. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்து 2022இல் வெளியான பெரிய ஆய்வில் தினமும் 2,000 யூனிட் சாப்பிட்டவர்களுக்கும் முறிவு குறையவில்லை. அவர்களில் பெரும்பாலோர் முன்பே போதிய வைட்டமின் டி உள்ளவர்கள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். குறைவு இருந்தால் சரிசெய்வது அவசியம். குறைவு இல்லாதவருக்கு மேலும் மேலும் கொட்டுவதால் எலும்பு வலுவாகாது.

எலும்பு பாரத்துக்குப் பதில் சொல்லும் உறுப்பு. விண்வெளியில் எடையற்று மிதக்கும் வீரர்களின் இடுப்பெலும்பு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கு மேல் குறைகிறது. டென்னிஸ் ஆடுபவரின் ராக்கெட் பிடிக்கும் கையெலும்பு மற்றக் கையைவிடத் தடித்திருக்கும். நடைப்பயிற்சி இதயத்துக்கும் சர்க்கரைக்கும் நல்லது, எலும்புக்கு அது கொடுக்கும் பாரம் குறைவு. குவின்ஸ்லாந்தில் பெலிண்டா பெக் குழுவினர் எலும்பு அடர்த்தி குறைந்த 101 பெண்களை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினருக்கு வாரம் இரண்டு நாள், அரை மணி நேரம், எட்டு மாதம், பயிற்சியாளரின் கண்காணிப்பில் கனமான எடையைத் தூக்கவும் குதித்திறங்கவும் கற்றுக்கொடுத்தார்கள். முதுகெலும்பின் அடர்த்தி ஏறத்தாழ 3 சதவீதம் கூடியது. வீட்டிலேயே லேசான உடற்பயிற்சி செய்த மற்றப் பிரிவினருக்குக் குறைந்தது. 60 வயதுப் பெண் எடை தூக்குவதா என்று முகம் சுளிக்க வேண்டாம், சரியாகக் கற்றுக்கொடுக்க ஆள் இருந்தால் போதும். முதுகெலும்பு முன்பே அமுங்கியவர்கள் மட்டும் பிசியோதெரபிஸ்டைக் கேட்காமல் குனிந்து தூக்குவதையும், யோகாவில் முன்வளையும் ஆசனங்களையும் தவிர்க்க வேண்டும்.

மருந்துகளைப் பற்றிய பயம் நோயைவிட வேகமாகப் பரவிவிட்டது. 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அலெண்ட்ரோனேட், முதுகெலும்பு முறிவையும் இடுப்பு முறிவையும் ஏறத்தாழ பாதியாகக் குறைத்தது. வாரம் ஒரு மாத்திரை. ஆனால் அதைச் சாப்பிடும் முறையில்தான் எல்லாம் கெடுகிறது. வெறும் வயிற்றில், ஒரு டம்ளர் வெறும் தண்ணீரோடு விழுங்கிவிட்டு, அரை மணி நேரம் படுக்காமல், எதுவும் உண்ணாமல் இருக்க வேண்டும். காபியோடு விழுங்கினால் உடம்பில் சேரும் கொஞ்சமும் பாதிக்குக் கீழே போய்விடும். எழுந்தவுடன் காபி குடிக்கும் வீட்டில் இதை எடுத்துச் சொல்லாமல் சீட்டு எழுதிப் பயனில்லை. இது முடியாதவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை நரம்பில் ஏற்றும் சோலெட்ரானிக் அமிலம் இருக்கிறது. 2007இல் வெளியான ஆய்வில் அது முதுகெலும்பு முறிவை 70 சதவீதமும் இடுப்பு முறிவை 41 சதவீதமும் குறைத்தது.

தாடையெலும்பு அழுகும், தொடையெலும்பு தானாக முறியும் என்று கேள்விப்பட்டு மருந்தை விட்டவர்கள் பலர். இரண்டும் உண்மையான பக்கவிளைவுகள், இரண்டும் அரிது. நீண்டகாலம் சாப்பிடுபவர்களுக்கும் ஆசியப் பெண்களுக்கும் தொடை முறிவு வாய்ப்பு சற்றுக் கூடுதல் என்பதால், ஐந்து ஆண்டுக்குப் பிறகு இடைவெளி விடலாமா என்று மருத்துவர் பார்ப்பார். காரணமில்லாமல் தொடையில் வலி வந்தால் உடனே சொல்ல வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை தோலடியில் போடும் டெனோசுமாப் ஊசிக்கு மட்டும் இடைவெளி என்ற பேச்சே கூடாது. அதை நிறுத்தினாலோ, பல மாதம் தள்ளிப்போட்டாலோ அடக்கிவைத்த அரிப்பு ஒரேயடியாகக் கிளம்பி, முதுகெலும்புக் கணுக்கள் அடுத்தடுத்து அமுங்குவதுண்டு. நிறுத்துவதானால் வேறொரு மருந்தைத் தொடர்ந்து கொடுத்தாக வேண்டும். ஊசி போடும் முன்பே நோயாளிக்கும் அவருடைய பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் பணம் இல்லாமல் மூன்றாவது ஊசியைத் தவறவிடுவது இங்கே சாதாரணம். எலும்பைப் புதிதாகக் கட்டும் டெரிபராடைடு, ரோமோசோசுமாப் போன்றவை விலை கூடியவை, கடுமையான நிலையில் உள்ளவர்களுக்கானவை. ரோமோசோசுமாப் மாரடைப்போ பக்கவாதமோ அண்மையில் வந்தவர்களுக்கு ஆகாது.

எலும்பு எவ்வளவு மெலிந்தாலும், முறிய ஒரு விழுதல் வேண்டும். பெரும்பாலும் அது குளியலறையில் நடக்கிறது. பளபளப்பான டைல்ஸ், வாசலில் ஒரு சின்னப் படி, ஓரத்தில் சோப்புத் தண்ணீர், பிடித்துக்கொள்ள வாளியைத் தவிர எதுவும் இல்லை. இரவில் சிறுநீருக்கு எழும்பவைக்கும் ரத்த அழுத்த மாத்திரை, தலைசுற்றவைக்கும் தூக்க மாத்திரை, எடுக்காமல் தள்ளிப்போட்ட கண்புரை, வார் தளர்ந்த ரப்பர் செருப்பு. சுவரில் ஒரு கம்பி, தரையில் சொரசொரப்பான விரிப்பு, ராத்திரி எரியும் ஒரு சின்ன விளக்கு. இவற்றின் செலவு ஒரு மாதக் கால்சியம் டப்பாக்களின் செலவைவிட அதிகம் இருக்காது. இடுப்பு முறிந்தால் ஐவரில் ஒருவராவது ஓராண்டுக்குள் இறந்துபோகிறார், பிழைத்தவர்களில் பலர் பழையபடி தனியாக நடப்பதில்லை. அரியானாவின் ரோத்தக் மாவட்டத்தில் கணக்கெடுத்தபோது, 50 வயதைக் கடந்த ஒரு லட்சம் பேரில் ஆண்டுக்கு 129 பேருக்கு இடுப்பு முறிந்திருந்தது. அறுவை இரண்டு நாளுக்குள் நடந்தால்தான் நல்லது. 'இந்த வயசுல ஆபரேஷன் வேண்டாம்' என்று படுக்கவைப்பது அன்பினால்தான் நடக்கிறது. ஆனால் படுக்கைப் புண்ணும் நிமோனியாவும் அதன் பின்னாலேயே வருகின்றன.

பெரும்பாலானோருக்கு இடுப்பு முதலில் முறிவதில்லை. பத்துப் பதினைந்து வருடம் முன்பே, கையை ஊன்றி விழுந்து மணிக்கட்டு முறிந்திருக்கும். மாவுக்கட்டோ புத்தூர்க் கட்டோ போட்டுக்கொண்டு, ஆறு வாரத்தில் பிரித்து, கை கூடிவிட்டது என்று மறந்திருப்பார்கள். கை கூடியது சரி, அது ஏன் முறிந்தது என்று யாரும் கேட்கவில்லை. ஒரு முறிவு வந்தவருக்கு அடுத்தது வரும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்கு. முதுகெலும்பு அமுங்கியவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஓராண்டுக்குள் இன்னொரு கணு அமுங்குகிறது. எண்ணுக்குப் பயந்து லட்சக்கணக்கானோருக்கு மாத்திரை விற்பதைவிட, ஏற்கெனவே முறிந்து நம் கண்முன் நிற்பவர்களைப் பிடித்து வைத்தியம் செய்வதில்தான் பலன் அதிகம் என்பது என் உறுதியான கருத்து. சான்றும் இருக்கிறது. இடுப்பு முறிந்து அறுவை முடிந்த 2,127 பேரில் பாதிப் பேருக்கு மூன்று மாதத்துக்குள் சோலெட்ரானிக் அமிலம் கொடுத்துப் பார்த்ததில், அவர்களுக்குப் புதிய முறிவு 35 சதவீதமும் மரணம் 28 சதவீதமும் குறைந்தன. இது 2007இல் தெரிந்த செய்தி.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1999இல் ஓர் எளிய ஏற்பாடு தொடங்கியது. 50 வயதைக் கடந்து எலும்பு முறிந்து வரும் ஒவ்வொருவரையும் ஒரு செவிலியர் பட்டியலில் எழுதிக்கொண்டு, எலும்பை அளக்க அனுப்பி, மருந்து தொடங்கியதா, விழும் ஆபத்து குறைந்ததா என்று பின்தொடர்ந்தார். கட்டுப் போடுகிறவருக்கு எலும்பின் உள்நிலை தன் வேலையாகத் தெரியாது, பொது மருத்துவருக்கு முறிவு நடந்ததே தெரியாது. இருவருக்கும் நடுவில் விழுந்த இடைவெளியை அந்தச் செவிலியர் அடைத்தார். இன்று பல நாடுகளில் இதே ஏற்பாடு நடக்கிறது.

தமிழ்நாட்டில் இதற்குப் புதிதாக ஒரு துறை தேவையில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீடு வீடாகப் பெண் ஊழியர்கள் போகிறார்கள், பிசியோதெரபிஸ்டுகளும் போகிறார்கள். ஐம்பது வயதுக்குப் பிறகு எலும்பு முறிந்ததா, கடந்த ஓராண்டில் கீழே விழுந்தீர்களா, கர்ப்பப்பை எடுத்த வயது என்ன, உயரம் எவ்வளவு என்ற நான்கு கேள்விகளை அவர்களுடைய பதிவேட்டில் சேர்க்கலாம். பதிலில் ஆபத்து தெரிந்தவர்களை மாவட்டத் தலைமை மருத்துவமனையின் எலும்பு முறிவுப் பிரிவில் இதற்கென்றே இருக்கும் ஒரு செவிலியரிடம் அனுப்பலாம். மாவட்டத்துக்கு ஒரு டெக்ஸா கருவி போதும், அது வரும்வரை ஃப்ராக்ஸ் கணிப்பானுக்கு ஒரு கைபேசி போதும். சோலெட்ரானிக் அமிலம் காப்புரிமை முடிந்து பல இந்திய நிறுவனங்கள் தயாரிக்கும் மருந்து, அதை அரசு மொத்தமாக வாங்க முடியும். சிறுநீரகச் செயல்பாட்டையும் ரத்தத்தில் கால்சியம், வைட்டமின் டி அளவையும் பார்த்துவிட்டு, படுக்கவைத்து அரை மணி நேரத்தில் ஏற்றி, அன்றே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அடுத்த முறை ஒரு வருடம் கழித்து வந்தால் போதும்.